கண்ணுள் வினைஞரும் லயத்துச் சிறுவனும்

ஜூபிலி மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று வரைந்து தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, நெடுநல்வாடையைப் பற்றி எழுதவே யாம் கருதியிருந்தோம். இறம்பொடையிலிருந்து அப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியனுக்கு ஒரு வசதி உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூதிர்க்காலத்தின் குளிரைச் சொல்லி விளக்கவேண்டும். இங்கோ சாளரத்தைத் திறந்துவிட்டாற் போதும், மூடுபனி தானே உள்ளே வந்து பாடம் நடத்தும்.

ஆயின், எழுதப் புகுந்த பொருள் வேறாயிற்று. அதற்குக் காரணன் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன். அப்பாட்டின் இறுதியிலே, தலைவனைப் பிரிந்த அரசமாதேவி கட்டிலின்மேற் கட்டிய மெழுகு செய்த துணியில் எழுதப்பெற்ற திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறியும் இடம் ஒன்றுளது. வேறொரு பாடத்தினிடையே அதனை யாம் எடுத்துச் சொல்லி, உரோகிணியைப் பிரியாத திங்களைக் கண்டு தன் பிரிவை நினைந்தாள் எனப் பொருள்நயம் விரித்துக்கொண்டிருந்தோம். பின்வாங்கிலிருந்து அவன் எழுந்தான்.

"சேர், மெழுகு பூசின துணியில சாயம் எப்பிடி ஒட்டும்?"

வகுப்புச் சிரித்தது. யாமும் புன்னகைத்து, "அஃது ஓவியர்க்குத் தெரியும், நீ இரு" என்றோம். உண்மை யாதெனில், எமக்கு விடை தெரியாது. இருபதாண்டுகளாக அவ்வடிகளைக் கற்பித்து வந்திருக்கின்றோம். அந்த வினா எமக்கு ஒருபொழுதும் தோன்றியதில்லை. சொல்லை அறிந்தோமேயன்றித் தொழிலை அறிந்திலோம்.

மறுநாள் அவன் இரண்டு துணித்துண்டுகளுடன் வந்தான். ஒன்றிலே மெழுகுதிரியை உருக்கித் தடவி, அதன்மேற் கடுந் தேயிலைச் சாயத்தாற் கோடிட்டிருந்தான். சாயம் மெழுகில் நில்லாது முத்துமுத்தாய் உருண்டு வழிந்திருந்தது. மற்றையதில், உருகிய மெழுகிலேயே விளக்குப் புகைக்கரியைக் குழைத்துச் சூடாறுமுன் வரைந்திருந்தான். அக்கரிய திங்கள் விரலால் தேய்த்தாலும் அழியவில்லை. எகிப்து நாட்டில் கி. பி. முதல் நூற்றாண்டுகளிலே இறந்தோர் முகங்களைப் பலகையில் எழுதியவர் பலர் இவ்வாறே வண்ணத்தை மெழுகிற் குழைத்து எழுதினர் எனப் பின்னர் ஒரு நூலிற் படித்து அறிந்தோம். பாண்டி நாட்டு ஓவியனும் இம்முறையைத்தான் கைக்கொண்டான் என்று யாம் சாதிக்கவில்லை. ஆயினும், பழைய பாட்டொன்றை ஒரு மாணவன் தன் கையாற் செய்து பார்த்தான் என்பதே எமக்குப் பெரிதாகப் பட்டது.

அவ்வார இறுதியில் அவன் இருக்கும் லயத்துக்குச் சென்றோம். இஸ்தோப்பில் அவனுடைய அப்பாயி பழஞ்சேலைகளைக் கீற்றுக்கீற்றாகக் கிழித்து, முறுக்கிப் பின்னிக் கால்மிதி செய்துகொண்டிருந்தார். மீந்த துண்டுகளால் துணிப்பொம்மைகளும் தைத்திருந்தார். கொழுந்தெடுத்துத் திரும்பிய தாயார் கைகழுவியதும் ரெஜிபோம் துண்டை மெல்லிய கத்தியாற் சீவிக் காவடிக்குரிய பூக்களைச் செய்யத் தொடங்கினார். தந்தையோ மாசி மாதத்துக் காமன் கூத்துக்குத் தோட்டத்தில் முடி செய்பவர். பால்மாப் பெட்டியின் அட்டையை வெட்டி, கோதுமைமாப் பசையால் மினுக்குத்தாள் ஒட்டி, மன்மதனுக்கும் இரதிக்கும் ஆண்டுதோறும் புதுமுடி செய்து தருவார். எவரும் இதனைக் கலை என்று கூறிக்கொள்ளவில்லை. "சும்மா இருக்க நேரத்தில செய்யிறது சேர்" என்றார் தாயார். அவருக்குச் சும்மா இருக்கும் நேரம் எப்பொழுது வாய்க்கின்றது என்று எமக்கு விளங்கவில்லை.

இவற்றுக்கு நடுவே பையனின் படங்கள். பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையிலும் நாட்காட்டித் தாள்களின் பின்புறத்திலும் வரைந்தவை. நீர்வீழ்ச்சியும் மலையும் இருக்குமென எதிர்பார்த்துச் சென்ற எமக்கு ஏமாற்றம். ஏனெனில் இறம்பொடையில் அருவியைத்தானே எல்லாரும் வரைவர். அவன் வரைந்திருந்தவை கைகள். பசை தடவும் கை, சேலை முறுக்கும் கை, கொழுந்துக் கறை படிந்து விரலிடுக்குகள் கறுத்த கை. எல்லாம் அவ்வீட்டிலுள்ளவர் கைகள்.

வீடு திரும்பிச் சிலப்பதிகாரத்தை எடுத்தோம். இந்திரவிழவூரெடுத்த காதையிலே மருவூர்ப்பாக்கத்து மாந்தரை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துமிடத்துக் கண்ணுள் வினைஞர் எனப்பட்ட ஓவியரும், மண்ணீட்டாளர் எனப்பட்ட சுதைவேலை செய்வோரும் அடுத்தடுத்து நிற்கின்றனர். பொற்கொல்லரும் தையற்காரரும் தோல்வினைஞரும் அவரைத் தொடர்கின்றனர். அதன்பின் கிழியாலும் கிடையாலும் பல தொழில் செய்வோர் வருகின்றனர். கிழி என்பது துணி. கிடை என்பது நெட்டி. இவற்றாற் பூவும் பொம்மையும் பிறவும் செய்தவர் அவர். அவ்வடிகளைத் தேர்வுக்காகப் பலமுறை விளக்கிய யாம், அன்றைக்கே அவற்றைக் கண்ணாற் கண்டவராயினோம். கிழி அப்பாயியின் மடியிற் கிடந்த பழஞ்சேலை; நெட்டியின் இடத்திலே ரெஜிபோம். புகாரில் ஒரே பாக்கத்திலிருந்த தொழில்களுட் சில, இங்கே பத்தடிக் காம்பிரா ஒன்றினுள் இருந்தன.

இன்னுமொன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டிலே திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைக் காண வந்தோர், சுவரிலுள்ள உருவங்களைச் சுட்டி, இவன் யார், இவள் யார் என வினவ, அறிந்தோர் விடை கூறுகின்றனர். அகலிகையும் கௌதமனும் பூனை வடிவெடுத்த இந்திரனும் அங்கே உளர். அவர்க்கு முன்னதாகச் சுட்டப்படுவோர் இரதியும் காமனுமே! அந்த மண்டபத்து ஓவியங்கள் இன்று இல்லை. மாசிக் குளிரில் தோட்டத்துக் காமன் பொட்டலில் அட்டைமுடி தரித்து ஆடும் இருவரை நோக்கி, தோள்மேல் இருந்த குழந்தை "இது ஆரு, அது ஆரு" எனத் தகப்பனைக் கேட்கும்போது, அப்பழைய வினாவே மீண்டும் எழுகின்றது.

ஓவியம் உயர்ந்தது, கைப்பணி தாழ்ந்தது என்ற பிரிவு எமக்கு எங்கிருந்து வந்தது? 1850 இல் சென்னையிலே அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் கலைப்பள்ளியைத் தொடங்கியபொழுது கைத்தொழிலும் அங்கே இடம்பெற்றதாயினும், ஓவியன் வேறு, வினைஞன் வேறு என்ற எண்ணமே நாளடைவில் வலுத்தது. அதனை மறுத்தோரும் உளர். வங்காளத்து யாமினி ராய் (1887–1972) மேனாட்டு எண்ணெய் வண்ணத்தைக் கைவிட்டு, கிராமத்துப் பட ஓவியரைப் பின்பற்றி, புகைக்கரி, அவுரிநீலம் முதலியவற்றைப் புளியங்கொட்டைப் பசையிற் குழைத்து எழுதினார். அவர்தம் இல்லமே பட்டறையாயிற்று. சென்னைக் கலைக்கல்லூரி முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966 இல் தம் மாணாக்கரோடு கடற்கரையிலே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். அக்கலைஞர் பத்திக் துணி முதலிய கைவினைகளைச் செய்து விற்றே தம் ஓவிய வாழ்வைக் காத்துக்கொண்டனர். கைப்பணி ஓவியத்துக்குச் சோறிட்ட கதை அது.

நம் நாட்டிலே 1920களிற் சித்திரப் பரிசோதகராயிருந்த சி. எவ். வின்சரும், அவர்க்குப் பின் டபிள்யூ. ஜே. ஜி. பீலிங்கும், பிறர் படத்தைப் பார்த்து வரையும் வழக்கத்தினின்றும் மாணவரை விடுவிக்க முயன்றனர். யாழ்ப்பாணத்திலே எஸ். ஆர். கனகசபை 1938 இல் வின்சரின் பெயரால் ஓவியக் கழகமொன்றை நிறுவினார். குருநகரில் 1933 இற் பிறந்த அ. மாற்கு தாம் வரைந்ததோடமையாது எண்ணற்ற இளையோர்க்கு வரையக் கற்பித்தார். போர்க்கால இடப்பெயர்வுகளில் அவர் படைப்புக்கள் பல அழிந்தன. எனினும் கிடைத்த பொருளைக்கொண்டு 2000 ஆம் ஆண்டில் மறையும்வரை படைத்துக்கொண்டேயிருந்தார். மலையகத்தையே எடுத்துக்கொண்டால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் பயன்படுத்திய தேயிலைப் பைகளையுமே ஊடகமாக்கித் தோட்டத்து வாழ்வைச் சித்திரித்துள்ளார். எம் மாணவனுக்கு அவர் படங்களைக் கைத்தொலைபேசியிற் காட்டினோம். நெடுநேரம் நோக்கியிருந்து, "தேயிலை மங்கிப்போகாதா சேர்?" என்றான். இவனிடம் வினா கேளாதிருக்க வேண்டுமாயின் ஒன்றையுங் காட்டாதிருக்கவேண்டும்.

இவ்வினாவையொட்டி அவனும் யாமும் சில மாதங்களாகக் கற்றவற்றை இளைய மாணவர் பயன்பெறும் பொருட்டு ஈண்டுத் தருகின்றோம்.

தேயிலைத் தூளை நெடுநேரம் காய்ச்சி வற்றவிட்டாற் செம்பழுப்பு வண்ணம் கிடைக்கும். அதனிற் சில துளி இரும்புத்துரு நீர் விட்டாற் சட்டெனக் கறுக்கும். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியிற் சில நாள் ஊறவிட்டு அந்நீரைப் பெறலாம். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடுவதே இக்கருமைக்குக் காரணம். மேனாட்டார் துவர்ப்பு மிக்க மாசிக்காயோடு இரும்பு உப்பைச் சேர்த்துப் பல நூற்றாண்டுகள் எழுதிய மையும் இவ்வினத்ததே. துருநீர் மிகுந்தால் நாளடைவிற் காகிதம் அரிக்கப்படும். ஆதலின் அளவோடு விடுக. மஞ்சள் நீரிற் சுண்ணாம்பைக் கலந்தாற் சிவக்கும் என்பதை ஆலத்தி எடுக்கும் எந்தத் தாயும் அறிவாள். ஆயின், மஞ்சளும் அச்சிவப்பும் வெயிலில் நில்லா. சாளரத்தெதிரே மாட்டிய படம் சில வாரங்களில் வெளிறக் கண்டோம். செங்கற்பொடியும் புகைக்கரியும் வெளிறா. இவற்றைப் புளியங்கொட்டைப் பசையிற் குழைத்தல் நன்று.

வரைகரிக்குக் கடையை நாடவேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் மிலாற்றில் விரல்மொத்தத்திற் குறைந்த வாதுகளைத் தோலுரித்து, காய்ந்தபின் மூடியுள்ள தகர டின்னிலிட்டு, மூடியிற் சிறுதுளை ஒன்று செய்து அடுப்பிலிடுக. துளைவழிப் புகை வெளிவருவது நின்றபின் எடுத்து, முற்றும் ஆறிய பிறகே திறக்கவேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் புகுந்து தீப்பற்றிச் சாம்பலாகும். எம் மாணவனுடைய முதல் டின் அவ்வாறே ஆயிற்று. வேறொரு பகை ஈரம். தென்மேற்குப் பருவ மழையில் லயத்துச் சுவரிற் சாய்த்துவைத்த தாளிற் பூஞ்சணம் பற்றும். ஒட்டுப்பலகையைச் சுவரினின்றும் நான்கு விரல் தள்ளி நிறுத்தினால் ஓரளவு தப்பும்.

இனிச் சொல்ல விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜூபிலியையொட்டி மண்டபத்தில் வைத்த சிறு காட்சியில், அக்குடும்பத்தின் கைப்பணிகளையும் பையனின் படங்களையும் ஒரே மேசையில் வைத்தோம். பழைய மாணவர் ஒருவர் அங்கே வந்து நின்றார். கொழும்பிற் கடையொன்றில் நெடுங்காலம் பணிபுரிபவர். இப்பொழுது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. படங்களைப் பார்த்துக்கொண்டே எம்மை நோக்காமற் கேட்டார்: "சேர், அந்தக் கொப்பி இன்னும் இருக்கா?"

உடனே நினைவு வந்தது. ஆசிரியர் கலாசாலையினின்றும் வெளிவந்த புதிதில், எம் வகுப்பிலே அவர் இலக்கணக் கொப்பியின் ஓரமெங்கும் படம் வரைந்துகொண்டிருந்தார். வேற்றுமை பயிலும் நேரத்தில் விளையாட்டா எனச் சினந்து அக்கொப்பியைப் பறித்துவைத்தோம். தவணை முடிவிற் பழந்தாள்களோடு எறிந்தும் விட்டோம். அவர் அதன்பின் வகுப்பில் வரைந்ததில்லை. யாமும் திருந்தினான் என்று மகிழ்ந்தோம்.

"இல்லை, தம்பி" என்றோம். "எறிந்துவிட்டேன், பிழை என்னுடையது."

அவர் சினக்கவில்லை. "அதில அம்மா கொழுந்து எடுக்கிற படம் ஒண்டு இருந்திச்சு. அம்மாட போட்டோ எங்ககிட்ட ஒண்டும் இல்ல, அதான் கேட்டேன்" என்று கூறிவிட்டு, பையனுடைய பெயரை விசாரித்து, கைகள் வரைந்த பலகையொன்றுக்கு விலை கேட்டார். பையன் விலை சொல்ல அறியாது எம் முகத்தைப் பார்த்தான். தாயார் குறுக்கிட்டு, "அது அப்பாயி கை. குடுக்க மாட்டான், வேற வேணுண்டா வரைஞ்சு தருவான்" என்றார்.

உயர்தரத்துக்குச் சித்திரத்தை ஒரு பாடமாகக் கொள்ள அவன் விரும்புகின்றான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் விபுலாநந்த அடிகள் பெயர்கொண்ட அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் தமிழிற் கலை பயிலலாம் என்பதையும், அப்பட்டம் ஆசிரியத் தொழிலுக்கும் வழி என்பதையும் தந்தைக்கு எடுத்துரைத்தோம். அவர் காமன் முடிக்கு மினுக்குத்தாளை வெட்டிக்கொண்டே கேட்டிருந்தார். "நானும் நல்லாத்தான் செய்யிறேன் சேர். இதில சோறு வந்ததில்லையே" என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. சோழமண்டலத்தின் கதையைச் சொன்னோம். அவர் சிரித்து, கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

பாடத்தெரிவுப் படிவத்தை அவரிடம் கொடுத்து வந்திருக்கின்றோம். இவ்வாரம் பெரியதொரு முடிக்கு அட்டை வெட்டவேண்டியிருப்பதால், அடுத்த ஞாயிறு வருமாறு கூறியுள்ளார்.