முதல் வண்டியை வாங்காதே

மக்களே,

உன் கடிதத்தில் மூன்று கேள்விகள். ஸ்விஃப்ட் வாங்கலாமா, பழைய போலோ வாங்கலாமா? இன்ஜினில் என்னென்ன செய்தால் பவர் கூடும்? காவல்கிணறு நாலுவழிச் சாலை விடியற்காலையில் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே ஓட்டிப் பழகினால் என்ன? கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்ற இரண்டும் லேசாகிவிடும்.

அங்கே பழகாதே. மாநில அரசின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உன் அப்பாவின் கார் இன்ஷூரன்ஸ் தாளை எடுத்துப் படித்துப் பார். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது என்று அதில் எழுதியிருக்கும்.

சட்டத்தை விடு. சாலை உனக்கு ஒன்றும் கற்றுத்தராது என்பதுதான் பெரிய காரணம். தோவாளைப் பூச்சந்தைக்கு விரையும் வேன், டீக்கடையிலிருந்து சைக்கிளை உருட்டி வரும் பெரியவர், முப்பந்தலில் லேசான காரைப் பக்கவாட்டில் தள்ளும் கணவாய்க் காற்று, இவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நீ பழகக்கூடியது நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது ஒன்றுதான். அதற்குத் திறமை வேண்டாம். டிராக்கில் அதே திருப்பம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். போன சுற்றில் செய்த தப்பை இந்தச் சுற்றில் திருத்தலாம். ரேஸ் படிப்பு என்பதே அந்தத் திருத்தல்தான்.

சாலையில் ரேஸே கூடாதா என்று கேட்பாய். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு அரசே சாலையை அடைத்து, இருபுறமும் தடுப்பு வைத்து, இரவில் ரேஸ் நடத்தியது. தெருவில் ரேஸ் விட அத்தனை ஏற்பாடு வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் இலங்கையின் தியத்தலாவையில், முறையாக நடந்த ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடம் மாறிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். ஏற்பாட்டோடு நடந்த இடத்திலேயே அந்தக் கதி என்றால், சாலை ஓரத்தில் செல்போனைப் பிடித்து நிற்கும் உன் கூட்டாளிகளை நினைத்துக்கொள்.

இனி இன்ஜின். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. தமிழ்நாட்டு ரேஸ் சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் வளர்ந்தது. 1990இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் டிராக் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் கோவைக்காரர் எஸ். கரிவரதன், மாருதி 800இன் இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரில் பொருத்தி ‘ஃபார்முலா மாருதி’யை உருவாக்கினார். அது 796 சிசி இன்ஜின். சந்தைக்குப் போகும் காரில் அன்று அதன் பவர் 40 குதிரைசக்தியைத் தொடவில்லை. அந்த ஃபார்முலா மாருதியில் 1993இல் ஓட்டிய நாராயண் கார்த்திகேயன்தான் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் டிராக்குக்கு அவர் பெயர்.

சின்ன இன்ஜின் ஏன் நல்ல வாத்தியார் தெரியுமா? அது உன் தப்பை மறைக்காது. பெரிய இன்ஜின் காரில் திருப்பத்தைச் சொதப்பினாலும் வெளியே வந்து மிதித்தால் ஈடுகட்டிவிடலாம். சின்ன காரில் தேவையில்லாமல் பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துவிட்டால், அடுத்த நேர்ப்பாதை முடிகிற வரை அது திரும்பி வராது. பேச்சிப்பாறைத் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கும் கடைமடை விவசாயி வரப்பில் ஒரு நண்டு வளையையும் விடாமல் அடைப்பாரே, அந்தக் கவனத்தோடு வேகத்தைக் காக்கவேண்டும்.

அதைக் காப்பது பிரேக்கில் தொடங்குகிறது. பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயருக்குப் பிடிப்பு கூடுகிறது, பின் டயர் லேசாகிறது. நம் ஊர்ச் சின்ன கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. அதனால் நிறுத்துவதில் பெரும்பங்கு, திருப்புவது, இழுப்பது எல்லாம் அந்த இரண்டு டயரின் தலையில். அதன் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. மொத்தத்தையும் பிரேக்கில் செலவழித்தால் ஸ்டியரிங்குக்கு மிச்சம் இருக்காது. எனவே வண்டி நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிரேக் பிடி. ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு.

அதிக வேகத்தில் உள்ளே போய்விட்டால் ஸ்டியரிங் திருப்பியும் மூக்கு வெளிப்பக்கமே போகும். அண்டர்ஸ்டியர் என்பார்கள். அப்போது இன்னும் திருப்பாதே. டயர் பிடிப்பை மீட்க நிதானமாக வேகத்தைக் குறை. பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் லேசாகி வீசிவிடும். திருப்பத்தின் உள்விளிம்பை, உனக்குச் சரி என்று தோன்றுவதைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தொடு. வெளியேறும் பாதை நேராகும், முன்னதாகவே மிதிக்கலாம். நீளமான நேர்ப்பாதைக்கு முந்திய திருப்பத்தை முதலில் படி. லேப் நேரம் அங்கேதான் குறையும்.

ஆகவே என்றைக்காவது சொந்த வண்டி வந்தாலும் இன்ஜினைத் தொடாதே. கையில் இருக்கும் காசைப் பிரேக்கிலும் டயரிலும் போடு. 60இலிருந்து நிற்பதைவிட 120இலிருந்து நிற்க நாலு மடங்கு சூட்டைப் பிரேக் வாங்கவேண்டும். பழைய பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். குலசேகரத்து ரப்பர் காட்டைப் பார்த்து வளர்ந்த உனக்கு டயரின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. ஓடி வந்து நின்றதும் நாலு டயரிலும் காற்றழுத்தம் பார்த்து நோட்டில் குறித்துவை. சூட்டில் அது எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்தால்தான் கிளம்பும்போது எவ்வளவு வைப்பது என்று தெரியும். ஹெல்மெட்டை மட்டும் யாரிடமும் பழசாக வாங்காதே. உள்ளே அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது.

முதல் கேள்விக்கு என் பதில்: இப்போது எந்த வண்டியும் வாங்காதே. ரோல்கேஜ் போட்டு ரேஸுக்கு மாற்றிய காரை ஆர்.சி. புத்தகத்துக்கு மாறாகச் சாலையில் ஓட்டமுடியாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும். நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர், கோவை 400க்கும் மேல். நம் மாவட்டத்துக்காரனுக்கு வண்டி விலையைவிட அந்த வாடகைதான் கழுத்தை நெரிக்கும். அணிகள் பணம் வாங்கிக்கொண்டு தங்கள் காரை ஓட்டத் தருவதுண்டு. முதலில் டிராக்கில் நடக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர். பிறகு இந்திய மோட்டார் ரேஸ் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் எடுத்து, ஒரே மாதிரிக் கார்கள் ஓடும் பிரிவில் வாடகை இருக்கை தேடு. எல்லார் காரும் ஒன்று என்றால், முன்னே போகிறவனிடம் இருப்பதும் உன்னிடம் இல்லாததும் எது என்று தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை செய். ரேஸ் நாட்களில் டிராக் ஓரத்தில் நின்று கொடி காட்டும் மார்ஷல் வேலைக்குத் தன்னார்வலர்கள் வேண்டும். போய்ப் பெயர் கொடு. ஒரு திருப்பத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்று பார். மஞ்சள் கொடி என்றால் முந்தாதே, நீலம் என்றால் வேகமான வண்டி பின்னால் வருகிறது, சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் யார் எங்கே பிரேக் பிடிக்கிறார், யார் எங்கே தடுமாறுகிறார் என்பதைத் திருப்பத்தில் நின்றால்தான் பார்க்கமுடியும். பஸ் டிக்கெட்டைத் தவிர அதற்குப் பெரிய செலவில்லை.

உன் முதல் ரேஸில் ஜெயிக்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். கீறல் விழாத வண்டியோடு கடைசி லேப் வரை ஓடி முடி. கடைசியாக வந்தாலும் பரவாயில்லை. அடுத்த ரேஸுக்கு வண்டி தர ஆள் இருப்பார்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி