ஐந்தாம் எண் டிஸ்க்

செங்கற்பட்டில் வி.எச்.எஸ். காஸெட் காலந்தொட்டு ஸ்டூடியோ வைத்து, முகூர்த்த நாள்களில் கல்யாணம் எடுத்துப் பிழைத்து, முகூர்த்தம் இல்லாத நாள்களில் மாமல்லபுரத்துக்குப் போய் அங்கே உளி பிடிக்கும் சிற்பிகளின் வேலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, பிரம்மாண்டமான ஃபைல்களை இணையத்தில் பேக்கப் செய்து வைக்கும் விஷயத்தில் நேர்ந்த அனுபவத்தை எழுத வேண்டுமென்று சிநேகிதர்கள் சிலர் வெகு நாள்களாக வற்புறுத்தி வருகிறார்கள். வற்புறுத்துகிறவர்களில் பாதிப் பேர், சம்பவம் நடந்த சமயத்தில், "இந்த வயசுல உனக்கெதுக்குய்யா கிளவுடு?" என்று சிரித்தவர்கள். அவர்களுடைய டிஸ்க்குகளும் ஒரு நாள் 'டக், டக்' என்று சத்தமிடத்தான் போகின்றன. ஆகையால் முக்கியமாக அவர்கள் பொருட்டே எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்யும் 4கே காமிரா ஒரு மணி நேரத்தில் 45 ஜி.பி. விழுங்குகிறது, மூன்று காமிராக்கள் ஐந்தைந்து மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணம் 675 ஜி.பி. ஆகிவிடும். உங்கள் வீட்டு பீரோவிலும் என் வீட்டில் இருந்ததைப் போலவே, ஒன்று ஒரு டி.பி. வீதம் எட்டு ஹார்டு டிஸ்க்காவது இருக்கும். கடைக்கு வந்த இணையக் கம்பி நூறு என்று விளம்பரம் பேசினாலும், ஏற்றுகிற திசையில் இருபதுதான் கொடுத்தது. அந்த இருபதும் மெகாபிட் என்பதையும், மெகாபைட்டாக்க எட்டால் வகுக்க வேண்டும் என்பதையும் பணம் கட்டிய பிற்பாடே கற்றுக்கொண்டேன். வகுத்துப் பார்த்தால் எட்டு டி.பி. ஏறுவதற்கு 37 நாள். அதுவும் இடையூறின்றி நடக்கவில்லை; 'அன்லிமிடெட்' என்று பெயர் சூட்டிய திட்டத்திலும் மாதம் 3,300 ஜி.பி. தாண்டியவுடன் வேகத்தை நத்தையினும் கீழாகக் குறைத்துவிடும் ஷரத்து ஒன்று இருந்தபடியால், பதினைந்து நாள் ஏற்றம், பதினைந்து நாள் விரதம் என்ற கிரமத்தில், 2022 ஜூலை முதல் வாரத்தில் தொடங்கிய காரியம் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் முடிந்தது. கேபிள்காரர் ஒவ்வொரு மாதமும் வந்து, "அப்படி என்னதாண்ணே அனுப்புறீங்க?" என்று சந்தேகக் கண்ணுடன் விசாரித்துவிட்டுப் போவார்.

நான் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எத்தனை டி.பி. ஏற்றினாலும் வருஷத்துக்கு ஒரே கட்டணம் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வு முட்டாள்தனமானதென்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கணக்கு ஆரம்பிப்பது, சாஃப்ட்வேரை இறக்கிப் போடுவது, கார்டு நம்பர் கொடுப்பது, ஓ.டி.பி. சொல்வது ஆகியவற்றை விவரிக்கத் தேவையில்லை. உங்களுக்கும் பெங்களூரில் ஓர் அண்ணன் மகன் இருப்பான், ஒரு தீபாவளி விடுமுறையில் அவன் செய்து கொடுத்துவிடுவான். என் அண்ணன் மகன் விடுமுறைக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்தான். அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அக்டோபர் மத்தியில் வானம் கறுக்கத் தொடங்கியது. 2015ஆம் வருஷத்து மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, மினி டி.வி. காஸெட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய ஊறிப்போனதைப் பார்த்தவனாகையால், வடகிழக்குப் பருவம் வந்தாலே எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. எட்டு டிஸ்க்குகளையும் கழற்றித் துணியில் சுற்றி, மாமல்லபுரத்தில் தங்கை வீட்டு மாடி அறையிலிருந்த மர அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். அது கல் கட்டடம், மேட்டு நிலம், மாடி; வெள்ளம் அங்கே ஏற முடியாது. மேலும் ஒரு பிரதி இணையத்தில் இருக்கிறது, ஒரு பிரதி கடற்கரையில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்தேன். நான் செய்த தவறு அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்திருப்பீர்கள்?

ஐந்தாம் எண் டிஸ்க்கில் இருந்ததைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஐந்து ரதங்களுக்குப் போகும் வழியில் கொட்டகை போட்டிருந்த வயோதிகச் சிற்பி ஒருவர், ஓர் அம்மன் சிலையைக் கல் தேர்வதிலிருந்து கண் திறப்பது வரையில் செய்து முடித்ததைப் பதினான்கு மாத காலம் போய்வந்து எடுத்திருந்தேன். அதில் ஒரு மணி நாற்பது நிமிஷம் வெட்டில்லாமல் ஓடும் ஒரே ஷாட் உண்டு. அது மட்டும் 75 ஜி.பி. கொட்டகை வாசலில் மூன்று கற்களைக் கிடத்தி, சுத்தியலின் பின்புறத்தால் தட்டி, ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று ஒலியைக் கொண்டே வகை பிரித்துக் காட்டுவதில் அது ஆரம்பமாகும். முதல் கல் கணீரென்று நெடுநேரம் ரீங்கரிக்கும். இரண்டாவது கல்லின் ஒலி அதைவிட இளகி, சீக்கிரம் அடங்கும். மூன்றாவதைத் தட்டுமுன் அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். சிலை ஊர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் அவர் காலமாகிவிட்டார்.

மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. வங்காள விரிகுடாவுக்கு இத்தனை நீளமான கரை இருக்க, அது தங்கை வீட்டுத் திசையைத் தேர்ந்துகொண்டது. காலையில் மாப்பிள்ளை பேசினார்: "மச்சான், மேல ஜன்னல் பேத்துக்கிட்டுப் போயிடுச்சு. அலமாரிக் கதவு ஒண்ணு கெணத்தண்ட கெடக்குது." சாலையில் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தபடியால் நான் போய்ச் சேர மத்தியானமாயிற்று. எட்டில் மூன்று டிஸ்க்குகள் நனைந்திருந்தன. உப்புத் தண்ணீர் காய்ந்து, கம்பி செருகும் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டைக் காப்பாற்றி 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவதைத் திறந்து, விளக்கடியில் சாய்த்துப் பிடித்துக் காட்டினான் கடைப் பையன். கண்ணாடி போன்ற தட்டின் மேல் நகத்தால் கீறினாற்போல ஒரு வட்டம் ஓடியிருந்தது. நனைந்த டிஸ்க்குக்கு நான் ஆவலில் ஒரு தடவை மின்சாரம் கொடுத்துப் பார்த்ததன் பலன் அது. அதற்காகவும் நான் அதிகம் கலங்கவில்லை. இணையத்தில்தான் ஒரு பிரதி இருக்கிறதே!

வீட்டுக்கு வந்து கணக்கைத் திறந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் இருந்த பில், கல்யாணப் பத்திரிகை டிசைன், ஆல்பம் அடுக்குகள் யாவும் பத்திரமாக இருந்தன. எட்டு டிஸ்க்குகளில் ஒன்றின் பெயர்கூட இல்லை. அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன்.

"சித்தப்பா, டிஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டீங்களா? முப்பது நாள் அது கண்ணுல படலைன்னா, நீங்களே வேணாம்னு எடுத்துட்டதா நெனைச்சு அவங்க அழிச்சுடுவாங்க. கண்டிஷன்ல போட்டிருக்கே."

"அதை ஜூலையிலேயே ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையே சித்தப்பா."

அழிப்பதற்கு முன்னால் அந்த நிறுவனம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருந்தது. அவை எனக்கு வரவில்லை. அரை மணி நேர அவசரத்தில் அவன் தன் பழைய மின்னஞ்சல் விலாசத்தைக் கொடுத்துக் கணக்கு ஆரம்பித்திருந்தான், அந்த விலாசத்தை அவனே திறந்து பல மாதமாயிற்று. அண்ணி இந்தக் கட்டுரையைப் படிப்பாரென்று தெரியும். அதனால் அவன் நல்ல பையன் என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

கோபம் தணிந்து நிதானமாக யோசித்தபோது, அந்த ஷரத்தில் நியாயம் இருப்பது புலப்பட்டது. ஒரே கட்டணத்துக்கு அளவின்றி இடம் தருகிறவன், ஒருவர் டிஸ்க்கை வாங்கி, ஏற்றி, கழற்றி, அடுத்ததை வாங்கி, இப்படி ஊரிலுள்ள பண்டங்களையெல்லாம் தன் தலையில் கொட்டிவிட்டுப் போவதை எப்படிச் சகிப்பான்? உன் கம்ப்யூட்டரில் இன்று என்ன இருக்கிறதோ அதற்கு ஒரு நகல் வைத்திருப்பேன் என்பதே அவன் செய்யும் சத்தியம். முகம் பார்க்கும் கண்ணாடி, ஆள் நகர்ந்த பிறகும் உருவத்தை வைத்துக்கொண்டிருக்குமா? நான் கண்ணாடி வாங்கி, பெட்டி வாங்கியதாக நினைத்துக்கொண்டேன். ஆகவே விலை என்ன, வேகம் என்ன என்பதற்கெல்லாம் முன்னால், "என்னுடைய பிரதியை நீங்கள் எப்போது அழிப்பீர்கள்?" என்ற ஒரு கேள்வியை எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். டிஸ்க்கைக் கழற்றினால் எத்தனை நாள், ஃபைலை நானே தவறி அழித்தால் எத்தனை நாள், கார்டு காலாவதியாகிப் பணம் போகாவிட்டால் எத்தனை நாள் என்று தனித்தனியே கேளுங்கள். சில நிறுவனங்கள் இந்தக் கெடுவை ஒரு வருஷமாகவோ, கூடுதல் கட்டணத்தின் பேரில் என்றென்றைக்குமாகவோ நீட்டித் தருகின்றன. கேட்காதவனுக்குக் கிடைப்பது முப்பது நாள்தான்.

'அளவற்றது' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்டிரைவ் 2015இல் அதை வாபஸ் பெற்றது, அமேசான் 2017இல், கிராஷ்பிளான் தன் வீட்டுச் சேவை முழுவதையுமே மூடப்போவதாக அதே வருஷம் ஆகஸ்டில் அறிவித்தது, கூகிள் போட்டோஸ் 2021 ஜூன் 1ஆம் தேதி முதல் கணக்குப் பார்க்கத் தொடங்கியது, டிராப்பாக்ஸ் 2023இல். அளவற்ற சாப்பாடு என்று பலகை போட்ட ஓட்டல்காரரும் நம்மைப் போன்ற நாலு பேர் தினம் வந்தால் பலகையைக் கழற்றத்தான் செய்வார்.

இப்போது நான் சிற்பிகளைப் பற்றிய படங்களை மட்டும், எடைக்கு வாடகை வாங்கும் கிடங்கில் போட்டிருக்கிறேன். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் போன்றவற்றில், அமெரிக்க வட்டாரத்தில், டெரா பைட்டுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டாலர்தான். மலிவென்று மயங்க வேண்டாம்: 180 நாளுக்குமுன் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு, கேட்டவுடன் கைக்கு வராது, 12 மணியிலிருந்து 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும், பிறகு இணைய வழியாக வெளியே கொண்டுவர டெரா பைட்டுக்கு 90 டாலர் அளவில் செலவாகும். திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை சங்கு மிதந்து வருவதைப் போல, என்றைக்கோ ஒரு நாள் எடுக்கிற பண்டத்துக்கு இது பொருத்தம். கல்யாணக் கேஸட்டை மூன்றாம் மாதமே கேட்கும் மாமியார்களுக்கு இது உதவாது.

எந்தச் சேவையானாலும், ஒரு தனி ஃபைல் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்டிரைவில் 250 ஜி.பி., கூகிள் டிரைவில் 5 டி.பி., ஆனால் கூகிளில் நாளொன்றுக்கு 750 ஜி.பி.க்கு மேல் ஏற்ற முடியாது. இன்னொரு பரீட்சை உண்டு. பெரிய ஃபைல் ஒன்று பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கம்பியைப் பிடுங்கிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து மறுபடி செருகுங்கள். நல்ல சேவை ஃபைலைத் துண்டு துண்டாக அனுப்பும் வழக்கமுடையதாகையால் விட்ட துண்டிலிருந்து தொடரும். மோசமானது பூஜ்யத்திலிருந்து பிள்ளையார் சுழி போடும். நம் ஊர் மின்சார வாரியத்தின் தயவில் இந்தப் பரீட்சை சில சமயம் தானாகவே நடந்துவிடுகிறது.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 விதியை, அதாவது மூன்று பிரதிகள், இரண்டு வித சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடம் என்பதை, நானும் அனுசரித்ததாகவே எண்ணியிருந்தேன். காமிராக் கார்டை எப்போதோ அழித்துவிட்டதை மறந்து, இரண்டை மூன்றென்று எண்ணியதுதான் கோளாறு. தென்கொரியாவில் தேஜான் நகரத்து அரசாங்கத் தரவு மையம் 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் ஃபைல்கள் 858 டி.பி. வெந்துபோயின, அளவு மிகப் பெரியதாக இருந்தபடியால் வெளியே நகல் எடுத்து வைக்கவில்லையாம். செய்தியைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வெட்கம் பாதி குறைந்தது. பல்லவன் கல்லில் செதுக்கியது நிற்கிறது, நீ டிஸ்க்கில் எழுதியது போயிற்று என்று கவிதை எழுதும் நண்பர் ஒருவர் சொன்னார். எட்டு டெரா பைட்டைக் கல்லில் செதுக்கும் கூலி அவருக்குத் தெரியாது.

டிஸ்க்குகள் இப்போது காஞ்சிபுரத்தில் சம்பந்தி வீட்டில் இருக்கின்றன. ஏரிக்கும் கடலுக்கும் எட்டாத தூரத்தில் நீங்களும் ஒரு சம்பந்தியைப் பார்த்துக்கொள்வது நல்லது. மின்னஞ்சல் என் பெயரில் இருக்கிறது. அமாவாசைதோறும் ஏதாவதொரு ஃபைலை இணையத்திலிருந்து இறக்கி, கடைசி நிமிஷம் வரை ஓட்டிப் பார்க்கிறேன். அண்ணன் மகன் இதற்கெல்லாம் தானாக நடக்கும் ஏற்பாடு இருக்கிறதென்கிறான், இருக்கட்டும்.

சென்ற தை மாதம் சிற்பியின் மகன் கடைக்கு வந்தார். தகப்பனாரின் திதிக்கு உறவினர்கள் கூடுகிறார்கள், அந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாமென்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, தம் போனை எடுத்து நீட்டினார். எப்போதோ, மாதிரிக்கென்று நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த துண்டு அதில் இருந்தது: 16 எம்.பி.க்குள் சுருங்கிய இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி. படம் கட்டம் கட்டமாக உடைந்து, முகமே தெளிவில்லை. ஒலி மட்டும் நன்றாக இருந்தது. முதல் கல் கணீரென்றது. இரண்டாவதும் கேட்டது. பெரியவர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் அது முடிந்துவிடுகிறது.