நடக்கும் பாதமும் அதற்கேற்ற பாதரட்சையும்

உடம்பின் உறுப்புக்களுள் மிகுதியாக உழைப்பதும் மிகக் குறைவாக எண்ணப்படுவதும் பாதமே. முகத்தை நாள்தோறும் கண்ணாடியிற் காண்கின்றோம். கைகளை எப்பொழுதும் காண்கின்றோம். பாதத்தையோ முள் தைத்தபொழுதன்றி நினைப்பதில்லை. முள் தைத்தும் அதனை உணராத பாதங்கள் உலகிற் பலவுள. அவற்றைக் காத்தற்பொருட்டு வளர்ந்த ஒரு கலையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நடக்கும் பாதத்தை அளந்து, அவ்வளவிற்கேற்பப் பாதரட்சையின் உள்மெத்தையை அமைத்தலே அக்கலை.

தேனி மாவட்டத்தில், மேற்குமலையடிவாரத்தே பொட்டிப்புரம் என்னும் சிற்றூர் உளது. நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் ஒன்றை அவ்வூரையடுத்த குன்றினுள் அமைக்கக் கருதியமையால் அதன் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத வேறொன்று அவ்வூரார் ஒவ்வொருவருடைய காலடியிலும் நாள்தோறும் நிகழ்கின்றது. அதுவே பாதத்தின்மேல் தரை செலுத்தும் அழுத்தம். கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் உழைப்போரும், மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோரும் கல்லிலும் சரிவிலும் தம் பாதத்தை நம்பியே பிழைக்கின்றனர். பாதம் புண்படுமாயின் அன்றைக் கூலியும் போம்; புண் முற்றுமாயின் காலே போதலும் உண்டு. ஆதலின் இவ்வழுத்தத்தை அறிதல் வீண் ஆராய்ச்சியன்று.

முதற்கண் பாதத்தின் அமைப்பைக் காண்போம். ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுக்களும் உள்ளன. இவை வில்போல் வளைந்து நின்று பாரத்தைத் தாங்குகின்றன. நடக்குங்கால் முதலிற் குதிகால் தரையைத் தொடுகின்றது. பின்னர்ப் பாதம் சிறிது உட்புறமாகச் சாய்ந்து, நெகிழ்ந்து, தரையின் மேடுபள்ளத்திற்கு இணங்குகின்றது. இறுதியில் இறுகி நெம்புகோல் போலாகி, விரல்களின் அடியால் உடம்பை முன்னே தள்ளுகின்றது. ஓர் அடிச் சுற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு நேரம் பாதம் தரையிலும், 40 பங்கு நேரம் ஆகாயத்திலும் இருக்கும். நெகிழ வேண்டிய வேளையில் இறுகினும், இறுக வேண்டிய வேளையில் நெகிழினும் துன்பம் விளையும்.

இனி, நிற்கும் பாதம் வேறு, நடக்கும் பாதம் வேறு என்பதை மாணவர் தாமே சோதித்தறியலாம். காலை நீரில் நனைத்து உலர்ந்த சிமெண்டுத் தரைமீது ஒருமுறை நின்று பார்க்க. மறுமுறை இயல்பாக நடந்து பார்க்க. இரு சுவடுகளும் ஒத்திரா. நிற்கையில் நேராகத் தோன்றும் குதிகால் நடக்கையிற் சாய்தல் கூடும். ஆதலின் நின்ற கோலத்தை மட்டும் அளந்து பாதரட்சை செய்தல், உறங்குகிறவன் முகங்கண்டு அவன் குணத்தைக் கூறுதல் போலாம்.

அன்றியும், சுவடு பரப்பைக் காட்டுமேயன்றி அழுத்தத்தைக் காட்டாது. அழுத்தமாவது பாரத்தைப் பரப்பால் வகுத்து வருவது. 60 கிலோகிராம் பாரம் 30 சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிற்பின், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி 2 கிலோகிராம் ஆகும். விரல்கள் மடங்கித் தரையைத் தொடாமையால் அதே பாரம் 12 சதுர சென்டிமீட்டரில் நிற்பின், அது 5 கிலோகிராம் ஆகிவிடும். பாரத்தைக் குறைத்தல் அரிது. பரப்பைப் பெருக்குதல் எளிது. உள்மெத்தைக் கலையின் மூலசூத்திரம் இதுவே.

நிற்க. இக்கலை நம் நாட்டிலேயே பெரிதும் வளர்ந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையில் ஊழியஞ்செய்த பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைமருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளிற் பலர் எண்ணினர். அவரோ, உணர்ச்சி இழந்தமையால் நோயாளர் தம்மையறியாது காயப்படுத்திக்கொள்வதே பெருங்கேட்டிற்குக் காரணம் எனக் கண்டார்.

பாதம் கெடும் வழிகள் மூன்று. முள், ஆணி முதலியவற்றின் கூர்மையால் ஒரே கணத்திற் கிழிதல் ஒன்று. இறுக்கமான வார் நெடுநேரம் அழுத்தி இரத்தவோட்டத்தைத் தடுத்தல் மற்றொன்று. மூன்றாவது, பெரிதன்றாயினும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான அடிகளில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தம். உணர்ச்சியுள்ளவன் சிறிது நொந்தவுடன் அறியாமலே தன் நடையை மாற்றிப் பாரத்தை வேறிடத்திற்கு நகர்த்துவான். உணர்ச்சியற்றவனோ அவ்விடத்தையே மிதித்துக்கொண்டிருப்பான். நோவு பகைவனன்று, காவலன் என்பது இதனால் விளங்கும்.

அக்காவலனை இழந்தோர்க்காக வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் மெத்தென்ற நுண்ணறை ரப்பர் கொண்டு பாதரட்சைகள் செய்யப்பட்டன. இன்று கடைகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று நாம் கேட்டு வாங்குவது இவ்வழி வந்ததே. உள்ளே மென்மையான ரப்பர், வெளியே முள் ஊடுருவாத கெட்டியான அடி, காலைவிட்டு நழுவாதவாறு பின்வார், ஆணி எதுவும் இல்லாமை என்பன அதன் இலக்கணம்.

அழுத்தத்தை அளக்கும் கருவிகளும் படிப்படியாகத் தோன்றின. 1947-இல் கனடாப் படையினரின் பாதங்களை ஆராய்ந்த ஹாரிஸ், பீத் என்போர் வெவ்வேறு உயரமுள்ள வரம்புகள் கொண்ட ரப்பர் பாயில் மை பூசி, அதன்மேல் நடக்கச் செய்தனர். அழுத்தம் மிக்க இடம் கருமையாகப் பதிந்தது. பிராண்டு 1966-இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், சாயம் நிறைந்த நுண்குமிழ்கள் பொருந்திய காலுறையைப் பயன்படுத்தினார். நடக்கும்பொழுது அழுத்தம் மிக்க இடத்துக் குமிழ்கள் உடைந்து நிறங்காட்டின. இக்காலத்தில் மின்னுணரிகள் பதித்த தட்டுக்களும் மெல்லிய உள்ளடித் தகடுகளும் ஒவ்வோர் அடியின் ஒவ்வொரு கணத்தையும் கணினித்திரையில் நிறங்களாகக் காட்டுகின்றன.

இவ்வளவைக் கொண்டு உள்மெத்தை அமைக்கும் முறை வருமாறு. முதலில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உளதா எனச் சோதிப்பர். பின்னர்ப் பாதத்தின் வடிவை அச்செடுத்து, நடக்கச் செய்து அழுத்தத்தை அளப்பர். அழுத்தம் மிக்க இடத்தின் கீழ் மெத்தையைக் குழிப்பர். எலும்புமுனைக்குச் சற்றுப் பின்னே சிறு மேடு வைத்துப் பாரத்தை அங்கே ஏற்பர். உள்வளைவை நிரப்பிப் பரப்பைப் பெருக்குவர். குதிகால் சாயுமாயின் ஒருபுறம் ஆப்புப்போற் சரிவு வைப்பர். மேடு எலும்புமுனையின் நேர்கீழே அமைந்துவிடின் நன்மைக்கு மாறாகத் தீமையே விளையும். ஆதலின் செய்தபின் அதனை அணிவித்து நடக்கச் செய்து மீண்டும் அளப்பர். ஒருமுறை புண் ஆறிய நீரிழிவுப் பாதத்திற்கு, பாதரட்சையினுள் அழுத்தம் எவ்விடத்தும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோகிராமுக்கு மேற்படாதிருத்தலை இலக்காகக் கொள்வர். அளத்தல், திருத்தல், மீண்டும் அளத்தல் என்னும் இவ்வொழுங்கே இக்கலையின் உயிர்.

எனினும், எல்லாப் பாதமும் முட்டுக்கொடுக்க வேண்டியன என்று கருதற்க. 1992-இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 சிறுவர் சிறுமியரின் சுவடுகள் ஆராயப்பட்டன. காலணி அணிந்தோருள் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதோருள் 2.8 பேருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டது. உணர்ச்சி குன்றாத இளம்பாதம் தன் வலிமையைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்பதே இதனாற் பெறப்படுவது. குறையறிந்து கொடுப்பதே மருந்து. குறையில்லார்க்குக் கொடுப்பது சுமை.

இற்றைநாளில் உணர்ச்சியற்ற பாதத்தின் கவலை தொழுநோயாளர்க்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு நோய் ஊர்தோறும் பரவியுள்ளது. நெடுநாள் நீரிழிவுடைய ஒருவர் கோயிற் பிராகாரத்தின் சுடுகல்லில் நடந்து, கொப்புளம் எழுந்ததை மாலைவரை அறியாதிருத்தல் கூடும். செருப்பினுள் கிடக்கும் சிறு கல்லும் அவருக்குப் பகையே. எம்.சி.ஆர். செருப்பு வாங்கியதனாலேயே காவல் முற்றிற்று என அவர் எண்ணலாகாது. வடிவு கெட்ட பாதத்திற்கு அளந்து செய்த உள்மெத்தையே வேண்டும். ஒரு பாதத்தின் ஓரிடம் மற்றைப் பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 பாகை செல்சியசுக்கு மேல் தொடர்ந்து சூடாயிருப்பின், புண் தோன்றுமுன் வரும் எச்சரிக்கையாக அதனைக் கொண்டு நடையைக் குறைத்து மருத்துவரை அணுகல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்முள் மருத்துவராவோர் சிலரே. ஆயினும் விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் செய்யத்தக்க தொண்டு ஒன்று உண்டு. நம்மைப் படிக்க அனுப்புதற்காக வயலிலும் மலையிலும் நடந்து தேய்ந்த பாதங்கள் நம் வீடுகளில் உள்ளன. நீரிழிவுடைய தந்தையோ பாட்டியோ தம் உள்ளங்காலைக் குனிந்து காண இயலாதவராயிருக்கலாம். நல்ல வெளிச்சத்தில் அவர்தம் பாதத்தை நாம் மடிமேல் ஏந்தி, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் ஊன்றி நோக்குவோமாக. அவர் கழற்றிவைத்த செருப்பினுள் கைவிட்டுத் தடவிப் பார்ப்போமாக. இதற்குக் கருவி எதுவும் வேண்டா. உணர்விழந்த பாதத்திற்கு நம் கண்ணும் கையும் உணர்வாகுக.