அக்கானி குடிக்கப் போகிறீர்களா? குமரி மாவட்டப் பனைவிளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒயின் பிடித்தவர்கள் நாசிக் வரை போய்த் திராட்சைத் தோட்டத்தில் உட்கார்ந்து குடித்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தமிழ்நாட்டில் திராட்சை பார்க்க வேண்டும் என்றால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட தோட்டங்களைத் தேட வேண்டாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மண் இது. பழுக்கிற காலத்தில் வறண்ட வெயில் கேட்கும் ஒயின் திராட்சைக்கு இந்த ஈரம் ஒத்துவராது.

இங்கே இருப்பது பனை. மரத்துக்கு மரம், வேளைக்கு வேளை ருசி மாறுகிற பதநீர். மாவட்டத்தின் மேற்கே, கல்குளம், விளவங்கோடு பக்கம் அதற்கு அக்கானி என்று பெயர். ஒயின் குடிக்கிறவர் காட்டும் கவனத்தில் பாதியைக் காட்டினால் போதும், அக்கானி தன்னை முழுதாகத் திறந்து காட்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தம்ளரில், ஐஸ் கரைந்து நீர்த்துப்போனதைக் குடித்துவிட்டு, பதநீர் இவ்வளவுதான் என்று முடிவு கட்டாதீர்கள். மரத்தடிக்குப் போங்கள்.

முதல் படி: அது எப்படி ஊறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விதை போட்டுப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆன பிறகுதான் பனை பாளை விடும். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண்பனையின் பாளையிலும் பதநீர் எடுக்கலாம், பெண்பனையின் பிஞ்சுக் குலையிலும் எடுக்கலாம். பெண்பனையில் எந்தக் குலையைச் சீவுகிறார்களோ அந்தக் குலை நொங்குக்கு உதவாது. ஆகவே வருடந்தோறும் நொங்கா, அக்கானியா என்று பனையேறி ஒரு முடிவு எடுக்கிறார்.

விரியாத பாளையைக் கட்டி, கடிப்பு என்ற மரக்கருவியால் நாள்கணக்கில் இதமாக இடுக்கி நசுக்கிப் பதப்படுத்துவார்கள். பிறகு பாளை அருவாளால் நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால் சொட்டத் தொடங்கும். அடியில் கலயம் கட்டுவார்கள். இதற்குப் பிறகு ஒருநாளும் ஓய்வில்லை. சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று நின்றுவிடும். அதனால்தான் ஞாயிறானாலும் திருவிழாவானாலும் காலையும் மாலையும் ஏறியே ஆக வேண்டும்.

பாளைக்குள் இருக்கும்போது அந்த நீர் தூய்மையானது. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை அதில் இருக்கிறது. வெளியே வந்ததும் காற்றிலும் கலயத்திலும் பூச்சிகளின் காலிலும் இருக்கும் ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் நுரைக்கும், அதுதான் கள். திராட்சை ரசம் ஒயின் ஆவதும் இதே ஈஸ்டின் வேலைதான். ஒயின் திராட்சையில் சர்க்கரை ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் ஒயினில் போதைச்சத்து நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வரை போகும். கள்ளில் நான்கைந்தோடு நிற்கும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் இந்த நொதிப்பு தடைபடும். ஈஸ்டுக்குப் புளிப்பு பிடிக்கும், காரம் பிடிக்காது. ஒரு விரல் சுண்ணாம்புதான் கள்ளையும் பதநீரையும் பிரிக்கிறது. அந்த விரலின் அளவில்தான் பனையேறியின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. கூடினால் நாக்கில் சவர்க்காரம் போல வழுக்கும், தொண்டை கரகரக்கும். குறைந்தால் உச்சிவெயிலுக்குள் புளித்துவிடும்.

இரண்டாம் படி: காலமும் வேளையும்

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. இந்த நான்கு மாதங்களில் வாருங்கள். தை மாதமே சில ஆண்பனைகள் தொடங்கிவிடும். தென்மேற்கு மழை இறங்கியதும் மரம் வழுக்கும், கலயத்தில் மழைநீர் விழும், தொழில் ஓயும்.

நாளில் எப்போது என்றால், காலைதான். இரவு முழுவதும் குளிர்ச்சியில் சொட்டியது காலையில் இறங்குகிறது. சூரியன் ஏறுவதற்குள் மரத்தடியில் இருக்க வேண்டும். மாலை அக்கானி பகல் சூட்டில் ஊறியது. இனிப்பும் வாசனையும் கொஞ்சம் தடித்திருக்கும், சீக்கிரம் கெடும். இரண்டையும் ஒரே மரத்தில் குடித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எங்கே போவது

நாஞ்சில் நாடு என்று சரியாகச் சொல்லப்படும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நெல்லுக்கும் குளத்துக்கும் பேர் போனவை. அங்கே பனை குளக்கரையிலும் மேட்டு நிலத்திலும் நிற்கும். அஞ்சுகிராமம், கொட்டாரம் பக்கம் காற்றும் வெயிலும் அதிகம். முட்டம், மணவாளக்குறிச்சி ஓரம் சிவந்த தேரி மணல். குறும்பனை என்று ஒரு கடற்கரை ஊரே இருக்கிறது. கருங்கல், மார்த்தாண்டம் என்று மேற்கே போகப் போக ஊர்ப்பெயர்கள் விளை விளை என்று முடியும். நீர் பாயாத மேட்டுப் புன்செய்த் தோட்டம்தான் விளை. ஒரு காலத்தில் அந்த விளைகளெல்லாம் பனையாக நின்றவை. இன்று உள்பகுதிகளில் பெரும்பாலும் ரப்பர். அதனால் ஊர்ப்பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பனையேறியைக் கண்டுபிடிக்கப் பலகையோ இணையப் பக்கமோ இருக்காது. கருங்கல், திங்கள்நகர், மார்த்தாண்டம் சந்தைகளில் கருப்பட்டி விற்கும் பெண்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு எந்த விளையில் யார் ஏறுகிறார் என்று தெரியும். பனைத்தொழிலாளர்களுக்காகவே மார்த்தாண்டத்தில் உருவான பி.டபிள்யூ.டி.எஸ். அமைப்பும் இருக்கிறது.

நான்காம் படி: மரத்தடியில் நடந்துகொள்ளும் முறை

முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள். வயதில் மூத்தவரை அண்ணாச்சி என்று கூப்பிடலாம். பனையேறியின் வீட்டு அம்மாவை அக்கா என்றோ வயதுக்கேற்பப் பாட்டி என்றோ கூப்பிடலாம். பனையேறி மரத்தில் இருக்கும்போது கீழிருந்து பேச்சுக் கொடுக்காதீர்கள், நேர் கீழே நிற்காதீர்கள். காலில் திளாப்பு என்ற தளை, இடுப்பில் அருவாப்பெட்டி, மரத்தில் சாய்த்து வைத்த முருக்குத்தடி. இவ்வளவுதான் அவருடைய பாதுகாப்பு. படம் எடுக்க வேண்டுமென்றால் இறங்கி வந்த பிறகு கேளுங்கள்.

விலையில் பேரம் பேசாதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதிலேயே ஏணிக்காணம் என்ற வரி பேசப்படுகிறது. மரம் ஏறுகிறவனின் ஏணிக்கே வரி! ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்கிறவர்களிடமிருந்து எல்லோரும் பிடுங்கியே வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஏற வரவில்லை என்று இன்று ஊர் வருத்தப்படுகிறது. ஒரு பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது நல்லதுதான். ஆனால் மரத்தைக் காப்பாற்றிவிட்டு ஏற ஆளில்லாமல் போனால் அக்கானி எங்கிருந்து வரும்? கேட்ட விலையைக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: குடிப்பது

ஓலைப்பட்டையில் வாங்குங்கள். பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையின் மணமும் பானத்தில் ஒரு பங்கு. முதலில் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த அக்கானி லேசாகக் கலங்கிய கண்ணாடி நிறத்தில் இருக்கும். சுண்ணாம்பு அடியில் தங்கியிருக்கும், அதைக் கலக்காமல் மேலே உள்ளதை வடித்துத் தரச் சொல்லுங்கள். நுரையோ குமிழோ தெரிந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பிறகு முகருங்கள். பாளையின் பச்சை மணம் முதலில் வரும், அதன் பின்னால் சுட்ட ஓலையைப் போல மெல்லிய ஒரு வாசனை. ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்துங்கள். இனிப்பு உடனே தெரியும். அது அடங்கிய பின் ஒரு சிறு உவர்ப்பு வரும். கடலோர மரத்துக்கும் உள்பகுதி மரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த உவர்ப்பில்தான் தேட வேண்டும். கடைசியாகத் தொண்டையில் கரகரப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் சுண்ணாம்பு அளவோடு விழுந்திருக்கிறது. இரண்டாவது பட்டைக்கு இளநொங்கைச் சுளை சுளையாகப் போட்டுக் குடியுங்கள். வெறும் வயிற்றில் மூன்றாவது வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இயற்கை என்பதால் சர்க்கரை சர்க்கரை இல்லாமல் போகாது.

இன்னொரு எச்சரிக்கை. கலயத்தை வவ்வால் தேடி வரும். வங்கதேசத்தில் ஈச்சஞ்சாறு பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா காய்ச்சல் வந்திருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் அந்தப் பருவத்தில் பச்சை அக்கானியை விட்டுவிட்டு, கொதித்ததை மட்டும் கேளுங்கள்.

ஆறாம் படி: கள் பற்றி

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இறக்குவதும் விற்பதும் குற்றம். மரத்தடியில் போய் ரகசியமாகக் கேட்டு அந்தப் பனையேறியைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். வழக்கு வந்தால் போவது அவருடைய பிழைப்பு. கள்ளைத்தான் ருசிக்க வேண்டும் என்றால் களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் கேரளத்தின் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. அங்கே பெரும்பாலும் தென்னங்கள். கேரளத்தில் 23 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள், எல்லை தாண்டி எடுத்து வராதீர்கள், வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

தடை சரியா தவறா என்ற விவாதம் நீண்டது. அக்கானியின் அருமை அந்த விவாதத்தின் முடிவைப் பொறுத்ததில்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவு.

ஏழாம் படி: விடிலியில் ஒரு முற்பகல்

அக்கானி குடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். பனையோலை வேய்ந்த காய்ச்சுக் குடிலான விடிலியில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மரம் ஏறுவது ஆண் என்றால் இங்கே ஆட்சி பெண்ணுடையது. பெரிய பாத்திரத்தில் அக்கானியை ஊற்றிக் காய்ச்சுவார்கள். பொங்கி வரும்போது தட்டிய ஆமணக்குக் கொட்டையைத் துளி போடுவார்கள், நுரை அடங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறம் பொன்னாகி, செம்மையாகி, கடைசியில் கறுத்து வரும். இடையில் பாகாக எடுத்தால் கூப்பனி. ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். காலையில் குடித்த அதே மரத்தின் ருசி, பல மடங்கு அடர்த்தியில்.

ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருண்டு வந்தால் பதம். இறக்கிக் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் அக்கானி போகிறது. விறகும் பெண்ணின் உழைப்பும் தனி. சந்தையில் யாராவது மிகக் குறைந்த விலைக்குக் கருப்பட்டி நீட்டினால் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சீனி கலந்ததாகத்தான் இருக்க முடியும்.

எட்டாம் படி: வாங்கி வருவதும் வைத்துக்கொள்வதும்

கருப்பட்டியைக் காய்ச்சின இடத்திலேயே வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்றது உடன்குடிக் கருப்பட்டி என்றாலும், குமரியில் கண்ணெதிரே காய்ச்சியதை வாங்குவதற்கு எந்த முத்திரையும் தேவையில்லை. உடைத்துப் பாருங்கள்: சீனி கலந்தது பளபளக்கும், நல்லது மங்கலாக இருக்கும், நாக்கில் அந்தப் பழைய உவர்ப்பு கடைசியில் வரும்.

வீட்டில் முதலில் சுக்குக் காப்பி போடுங்கள். கார்த்திகை வந்தால் பச்சரிசி மாவும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் குருத்தோலையில் பொதிந்து கொழுக்கட்டை அவியுங்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி வியர்த்துக் கசியும். ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே, சூடு படும் இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் ஈரம் கோக்கும். பச்சை அக்கானியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள்; நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள்ளேயே அது வேறு ஏதோவாகிவிடும்.