கல்லில் மண் சேர்க்கும் நுண்ணுயிர்கள்

தென்மேற்குச் சீனாவின் குய்சோ, குவாங்சி பகுதிகள் சுண்ணாம்புக்கல் மலைநாடு. கரியமிலவாயு கலந்த மழைநீர் அக்கல்லைக் கரைக்கும்; மிஞ்சும் களிமண் சொற்பமே. ஓரங்குல மண் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். காட்டை அழித்துச் சரிவில் உழுததால் அம்மண் கரைந்தோடி, வெறும் பாறை தெரிகிறது.

அங்கும் உயிர் உண்டு. நீலப்பச்சை பாக்டீரியாக்கள் சூரிய ஒளியைக் கொண்டும், வேறு சில அம்மோனியாவை ஆக்ஸிஜனேற்றியும், கரியமிலவாயுவை உடற்பொருளாக்குகின்றன. அவற்றின் பசை மண்துகள்களைப் பிணைக்கும். மடிந்தபின் உடல் மக்காகும். பிறகே அங்கு புல்லும் மரமும் தழைக்கும்.

1999-இல் சீனா, சரிவு வயல்களைக் காடாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ரயில்பாதைக் கரைகளில் புல் பதித்தவன் நான். கரை சரிந்தால் வேறிடத்து மண்ணைக் கொட்டுவோம். மலை முழுவதற்கும் மண் கொட்ட எவராலும் இயலாது. ஆகவே அந்த மெல்லிய படலத்தை மிதிபடாமல் காப்பதே முதல் வேலை.