புளியாரை

புளியாரை என்னுஞ் சிறு பூண்டை மிதியாதார் இலர். அறிந்து உண்பார் மிகச் சிலர். கிணற்றடியிலும் வாழைப்பாத்தி வரம்பிலும் பூச்சாடியிலும் தானே முளைத்துப் படரும் இதனைக் களையெனப் பிடுங்கி எறிகின்றோம். 2022ஆம் ஆண்டிலே விலைவாசி ஏறிக் கறிக்கு வழியின்றிப் பல குடும்பங்கள் வருந்தின. அக்காலத்தும் முற்றத்து நின்ற இக்கீரையைக் கண்ணிருந்தும் காணாதார் பலர். பெயர் மறந்தாற் பொருளும் மறையும். ஆதலின், மாணாக்கர் பொருட்டு இதுபற்றிச் சில கூறுவாம்.

புளிப்புடைய ஆரை புளியாரை. குளக்கரையிலும் வயலிலும் வளரும் ஆரைக்கீரை வேறு, அது நான்கு சிற்றிலை உடையது, பூவாதது, பன்ன இனத்தது. புளியாரையோ நெஞ்சுருவான மூன்று சிற்றிலைகளும் ஐந்து மஞ்சள் இதழ்களும் உடையது. இரண்டினும் சிற்றிலைகள் காம்பின் நுனியிலே சில்லின் ஆரைகள் போலச் சுற்றி நிற்கும். வட்டத்தின் ஆரையைக் கணித வகுப்பிற் கற்கும் மாணவன் இதனை எளிதில் நினைவிற் கொள்ளலாம். வடமொழியாளர் இதனைச் சாங்கேரி என்பர். இலின்னேயசு என்னும் அறிஞர் 1753இல் ஒட்சாலிசு கோணிக்குலேற்றா எனப் பெயரிட்டார். முற்பெயர் புளிப்பையும், பிற்பெயர் சிறு கொம்பையொத்த காயையும் குறிப்பன. முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். களைந்த இடத்தில் இது மீளவும் முளைத்தற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, உண்ணும் முறை. இலையை மண்போகக் கழுவித் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு என்பவற்றுடன் அரைத்தாற் சுவையான சம்பலாகும், தேசிப்புளி வேண்டுவதில்லை. பருப்புடன் சமைப்போர் பருப்பு நன்கு அவிந்த பின்னரே கீரையை இடுதல் வேண்டும். புளிப்பு முந்திச் சேரின் பருப்பு எளிதில் அவியாது. தேங்காய்ப்பாலை இறுதியில் விட்டு, கொதிக்குமுன் இறக்குக. கொதித்தாற் பால் திரையும். இக்கீரையில் விற்றமின் சி உண்டு.

நிற்க. புளிப்புக்குக் காரணமான ஒட்சாலிக்கமிலமே இதன் தீங்குக்கும் காரணம். களிம்பேறிய பித்தளை விளக்கை இவ்விலையாற் தேய்த்தால் அது துலங்கும். களிம்பைக் கரைக்கும் அவ்வமிலம் சமைக்கும் பாத்திரத்தையும் கரைக்குமன்றோ? ஆதலின் செம்பு, பித்தளை, அலுமினியம் என்பவற்றை விடுத்து மண்சட்டியிலே சமைத்தல் நன்று. உடலினுள்ளே அவ்வமிலம் கல்சியத்துடன் கூடிச் சிறுநீரகக் கல்லாதலும் உண்டு. கல்லடைப்பு உற்றாரும் சிறுநீரக நோயாளரும் இதனை விலக்குக. ஏனையோரும் நாடோறும் உண்ணாது இடையிடையே சிறிதளவு கொள்க. அவித்து நீரை வடித்தால் அமிலம் ஓரளவு குறையும்.

களைகொல்லி தெளித்த நிலத்திலும், கழிவுநீர் ஓடும் இடத்திலும் பறித்தல் ஆகாது. மாணாக்கர், மூன்று சிற்றிலையும் மஞ்சட் பூவும் கண்டு, வீட்டிலுள்ள முதியோரிடம் காட்டித் தெளிந்த பின்னரே கொய்க. அறியாத இலையை வாயிலிட்டுச் சோதித்தல் அறிவுடைமை அன்று. அறிந்த இலையைக் களையென்று எறிதலும் அன்னதே.