பேசி முடிப்பதற்கும் வக்கீல் வேண்டும்



தம்பி, சமரசம் என்று பேச்சை எடுத்தாலே, "நம்ம வக்கீலுக்கு வாதாடத் தெம்பில்லையோ" என்று கட்சிக்காரர் பார்க்கிறார் என எழுதியிருந்தீர்கள். சித்தூரிலிருந்தா இப்படிக் கேட்கிறீர்கள்? உங்கள் மாவட்டத்தின் எல்லையே ஒரு சமரசத்தில் மாறியதுதான்.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் அதோடு போனது. தமிழர் தரப்பில் தலைவர் ம.பொ.சி. திருப்பதி வரை கேட்டார். ஊர்வலம், சிறை என்று தகராறு வளர்ந்தபின் மத்தியஸ்தராக வந்தவர் எச்.வி. படாஸ்கர். வக்கீல், 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நடத்திக் கொடுத்தவர். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை அவருக்குப் புதிதல்ல! மாவட்டம் யாருக்கு, தாலுகா யாருக்கு என்று நின்ற பேச்சை அவர் கிராமத்துக்கு இறக்கினார். இந்தக் கிராமத்தில் எந்த மொழிக்காரர் அதிகம், எல்லையை ஒட்டி இருக்கிறதா என்பவையே கேள்விகள். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு. திருப்பதியும் சித்தூரும் இருந்த இடத்திலேயே இருந்தன. கேட்டதெல்லாம் எந்தப் பக்கத்துக்கும் கிடைக்கவில்லை.

பெரிய கோரிக்கையை அப்படிச் சிறு கேள்விகளுக்கு இறக்குவதுதான் நம் வேலை. மாந்தோப்பு வழக்கோடு வருகிறவர் "சரிபாதி வேணும்" என்பார். பிராதில் அப்படியே எழுதுங்கள், தப்பில்லை. சமரசத்துக்குப் போகும் முன்பு மட்டும் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: போர்வெல் எந்தப் பக்கம்? காய் இறக்கும்போது டிராக்டர் எந்த வழியாக வரும்? கூழ் ஆலைப் பணம் இதுவரை யார் கணக்கில் விழுந்தது? பல நேரம் ஆள் சண்டை போடுவது அந்த வண்டிப் பாதைக்காகத்தான். தீர்ப்பு சர்வே எண்ணைப் பிரித்துக் கொடுக்கும். அண்ணன் பம்புசெட்டைத் தம்பி எந்தக் கிழமை ஓட்டலாம் என்று சொல்லாது.

எல்லா வழக்கையும் சமரசத்துக்கு அனுப்ப முடியாது. 2010-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எவை பொருந்தும், எவை பொருந்தாது என்று பிரித்துச் சொன்னது. மோசடி, போலிப் பத்திரம் என்று கடுமையான குற்றச்சாட்டு இருந்தால் கோர்ட்டிலேயே நடக்கட்டும். மைனர்கள் மீதும் தெய்வங்கள் மீதுமான வழக்குகளும் பொருந்தாத பட்டியலில் உண்டு. திருப்பதிக்குப் பக்கத்தில் தொழில் செய்கிற நீங்கள் தெய்வங்கள் மீதான வழக்கை மறக்கக் கூடாது. குடும்பம், பக்கத்து வீடு, பாகம், கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைத் தயங்காமல் அனுப்புங்கள்.

லோக் அதாலத் வேறு, மத்தியஸ்தம் வேறு, கட்சிக்காரர் குழப்பிக்கொள்வார். லோக் அதாலத்தில் முடிந்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் பீஸும் திரும்பும். தொகையில் மட்டும் இழுபறி இருக்கும் செக் வழக்கு, விபத்து இழப்பீடு போன்றவற்றுக்கு அது போதும். மனக்கசப்பு உள்ள வழக்குக்குப் பல நாள் அமர்வு வேண்டும். அதற்கு மத்தியஸ்தர்தான் சரி. அங்கே பேசியதைக் கோர்ட்டில் எடுத்துக் காட்ட முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆள் வாய் திறப்பார்.

வக்கீல் சறுக்குவது பெரும்பாலும் கடைசியில்தான். கை குலுக்கியதும் டீ குடிக்கப் போய்விடுகிறோம். சமரசத்தைக் கோர்ட்டில் வைத்துத் தீர்ப்பாணையாக்காமல் விட்டால் அடுத்த வாய்தாவில் ஒருவர் மாறிப் பேசுவார். வழக்கில் இல்லாத மனையோ வீடோ சமரசத்தில் சேர்ந்தால் பதிவு வேண்டும். உங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு: வீட்டில் தமிழ் பேசி, தெலுங்கு படிக்கத் தெரியாத கட்சிக்காரர்கள். ஒப்பந்தம் தெலுங்கில் இருந்தால், கையெழுத்துக்கு முன் வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள்.

பீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்கினால் சமரசத்தில் நஷ்டம்தான். வழக்கு முழுவதற்கும் ஒரு தொகை என்று முதல் நாளே பேசிவிடுங்கள். மூன்று மாதத்தில் முடிந்தாலும் அதே தொகை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்